கேளுங்கள், சொல்கிறோம்: இன்ஜின் போனால் பட்டறைக்கு என்ன மிச்சம்?

கேள்வி: பிஸ்டன், வால்வு கடைவதுதான் எங்கள் தொழில். மின்சார கார் பெருகினால் எங்கள் கதி?
– கோவை வாசகர்

பதில்: முழு மின்சார காரில் பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட், சைலன்சர் எதுவும் கிடையாது. இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதவு நாளைக்கே அடைபடாது. சீனாவின் பிஒய்டி, பெட்ரோலில் மட்டும் ஓடும் கார் தயாரிப்பை 2022 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. அதே கம்பெனி விற்கும் பிளக்-இன் ஹைபிரிட் (பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியோடு பெட்ரோலிலும் ஓடும்) கார்களில் இன்றும் இன்ஜின் இருக்கிறது.

கடைசல் தெரிந்தவர்கள் கியர் பக்கம் பார்க்கலாம். மின்சார காரில் பெரும்பாலும் ஒரே விகித கியர்பாக்ஸ்தான், பல்சக்கரங்கள் குறைவு. ஆனால் மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்றையும் தாண்டும். மூடி மறைக்க இன்ஜின் சத்தம் இல்லாததால், பல் உரசும் 'உய்ங்' நேராகக் காதில் விழும். அதனால் பல் வெட்டியதோடு விடாமல், கடினப்படுத்திய பிறகு நுணுக்கமாக கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: கார் மோட்டாருக்கு வைண்டிங் செய்வது ஃபேன் மோட்டாருக்குச் சுற்றுவது போலத்தானே?
– ஓசூர் வாசகர்

பதில்: இல்லை. பல புதிய கார் மோட்டார்களில் கம்பியைச் சுற்றுவதே இல்லை, சொருகுகிறார்கள். உருண்டைக் கம்பிக்குப் பதில் பட்டையான தாமிரக் கம்பி. அதைக் கொண்டை ஊசி போல வளைத்து ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பாகம்) ஸ்லாட்டுகளில், அதாவது காடிகளில் இறக்கி, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை முறுக்கி, ஜோடி ஜோடியாக லேசரில் பற்றவைப்பார்கள். பட்டைக்குப் பட்டை இடுக்கு விழாததால் ஒரே ஸ்லாட்டில் கூடுதல் தாமிரம் அடங்கும்.

கோளாறெல்லாம் பற்றவைப்பில்தான். முனையில் எனாமல் (கம்பியின் மேல் உள்ள இன்சுலேஷன் பூச்சு) துளி ஒட்டியிருந்தாலும் அது எரிந்து வாயுவாகி, இணைப்புக்குள் குமிழி விழும். ஜோடி முனைகளின் உயரம் ஏறியிறங்கி இருந்தால் ஒன்று உருகும், மற்றது உருகாது. இன்னொரு தொல்லை: சாதாரண அகச்சிவப்பு லேசரைத் தாமிரம் பெரும்பகுதி திருப்பி அடிக்கும்; உருகத் தொடங்கியதும் சட்டென உறிஞ்சித் தெறிக்கும். தெறித்த துளி கீழே விழுந்தால் இன்சுலேஷன் கருகும். பச்சை லேசரைத் தாமிரம் நன்றாக உறிஞ்சுவதால் சிலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். ஒரு ஸ்டேட்டரில் நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள் வரலாம். ஒன்று சொத்தை என்றாலும் முழு ஸ்டேட்டரும் சிக்கல். தாமிரம் விற்கிற விலையில் இது சிரிக்கிற விஷயமில்லை.

கேள்வி: டெஸ்லா காரின் பின்பக்க அடிச்சட்டம் ஒரே வார்ப்பாமே?
– சென்னை வாசகர்

பதில்: ஆம், மாடல் ஒய் காரில். முன்பு சுமார் 70 துண்டுகளை ஒட்டிச் செய்ததை 6,000 டன் விசையில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும்) இயந்திரத்தில் ஒரே அழுத்தில் எடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய மெல்லிய வார்ப்பை ஹீட் ட்ரீட்மென்ட் செய்தால் (உறுதியேற்றச் சூடாக்கிக் குளிர்வித்தால்) கோணிவிடும். அதனால் அது தேவைப்படாத அலுமினியக் கலவை வேண்டும். காற்று அடைபடாமலிருக்க அச்சுக்குள் வெற்றிடம் உண்டாக்கி ஊற்றுகிறார்கள். கார் இடிபட்டு வார்ப்பே விரிசல் விட்டால் தட்டி நிமிர்த்த முடியாது, செலவு எகிறும். சின்ன இடியென்றால் வார்ப்புக்கு வெளியே நிற்கும் பம்பர் சட்டம் வாங்கிக்கொள்ளும்.