வாசகர் கேள்வி: மகள் வேறு பள்ளிக்குச் சென்ற பிறகும் பழைய பள்ளிக்குப் பொறுப்பு உண்டா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளின் நிறத்தையும், நெற்றிப் பொட்டையும், மதிய உணவின் மணத்தையும் சொல்லி, உடன்படிக்கும் சிலர் ஓராண்டாக இழிவாகப் பேசி வந்தார்கள். ஆசிரியரிடமும் முதல்வரிடமும் பலமுறை முறையிட்டும் 'சிறுபிள்ளை விளையாட்டு' என்றே பதில் வந்தது. அவள் பள்ளிக்குப் போகவே அஞ்சியதால் சென்ற மாதம் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டோம். இப்போது பள்ளி மாவட்ட அலுவலகம், 'அவள் எங்கள் மாணவி அல்ல. எங்களுக்குப் பொறுப்பில்லை' என்கிறது. இது சரியா?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சரியல்ல. உங்கள் மகள் அங்கே படித்த நாட்களில் நேர்ந்ததற்கான பொறுப்பு, அவள் வெளியேறிய நாளோடு தீர்ந்துவிடுவதில்லை. அந்தப் பள்ளி இனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவள் பெயரில் நீதிமன்ற உத்தரவு கேட்பது கடினமாகலாமே தவிர, நேர்ந்துவிட்ட தீங்குக்கு இழப்பீடு கேட்கத் தடையில்லை.

மத்திய அரசின் நிதியைப் பெறும் பள்ளிகளில் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு. ஆனால் சக மாணவர்களின் துன்புறுத்தலுக்காக இழப்பீடு பெறுவதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் ஒரு பாலியல் துன்புறுத்தல் வழக்கில் வகுத்த கடுமையான அளவுகோலையே நீதிமன்றங்கள் இதிலும் பின்பற்றுகின்றன: பள்ளி நிர்வாகத்துக்கு நடப்பது உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அது வேண்டுமென்றே பாராமுகமாக இருந்திருக்க வேண்டும், துன்புறுத்தல் பிள்ளையின் கல்வியையே பறிக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்திருக்க வேண்டும். தொந்தரவு செய்தவர்களை அவ்வப்போது தண்டித்தோம் என்று காட்டுவது மட்டும் எப்போதும் போதாது. நியூயார்க் மாநிலத்தின் பைன் பிளெயின்ஸ் பள்ளி மாவட்டம் அப்படித்தான் வாதிட்டது. மூன்றரை ஆண்டுகள் இனவெறித் துன்புறுத்தல் ஓயாமல் தொடர்ந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த மாணவருக்கான பத்து லட்சம் டாலர் இழப்பீட்டை 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டம் இதைவிட உங்களுக்குச் சாதகமானது என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. டாம்ஸ் ரிவர் பள்ளி மாவட்டத்தில் நான்காம் வகுப்பிலிருந்தே ஓரினச் சேர்க்கையாளன் என்று ஏளனம் செய்யப்பட்டு, உயர்நிலைப் பள்ளியில் தாக்கப்பட்டு, கடைசியில் அங்கிருந்து விலகிய ஒரு மாணவரின் வழக்கில், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2007-இல் அந்த மத்திய அளவுகோலை ஏற்க மறுத்தது. பள்ளி மாவட்டம் துன்புறுத்தலை அறிந்திருந்தாலோ, அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாலோ, அதை நிறுத்தக்கூடிய நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறினால் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மாணவர் விலகிச் சென்றது மாவட்டத்தைக் காப்பாற்றவில்லை. மேலும், மத்தியச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் மதம் இடம்பெறவில்லை. மாநிலச் சட்டத்தில் அதுவும் உண்டு. பொட்டைச் சொல்லி இழிவுபடுத்தியதை நீங்கள் தனியே குறிப்பிட வேண்டும்.

தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கேட்கலாமா என்றும் யோசிப்பீர்கள். கேட்கலாம், ஆனால் அங்கே தொடர்ந்து படிக்கவே முடியாத நிலை இருந்ததால்தான் விலகினாள் என்பதற்குச் சான்று வேண்டும். மருத்துவர் அல்லது மனநல ஆலோசகரின் குறிப்பு, பள்ளிக்குப் போகாத நாட்களின் பதிவு, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவை இங்கே பேசும். வாய்மொழியாக மட்டுமே முறையிட்டிருந்தால், எந்த நாளில் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். மகளின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை விலகிய பிறகும் உண்டு. எழுதிக் கேட்டால் 45 நாட்களுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். 2011-இல் கையெழுத்தான மாநிலத் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, ஒவ்வொரு புகாரும் எழுத்தில் பதிவான பத்துப் பள்ளி நாட்களுக்குள் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விசாரணை நடந்ததா, முடிவு என்ன என்று கேளுங்கள். நடக்கவே இல்லையென்றால் அதுவே உங்கள் தரப்புக்கு வலுவான ஆதாரம்.

காலக்கெடுவில்தான் பல பெற்றோர் தவறிவிடுகிறார்கள். மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திலும், மாநிலக் குடிமை உரிமைகள் பிரிவிலும் பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் உண்டு. மகளைச் சேர்த்த நாளிலிருந்து அல்ல, கடைசியாகத் துன்புறுத்தல் நடந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, இந்த மாதமே ஒரு கல்விச் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.