சக் வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: 'எல்லா மரக் கடைசல் லேத்துக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்ததை நம்பி நான்கு தாடைச் சக் (சுழலும் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) வாங்கினேன். லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் மரையே ஏறவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. எல்லா லேத்துக்கும் பொருந்தும் சக் உலகத்திலேயே கிடையாது. ஒரு லேத்தின் ஸ்பிண்டில் எம்33, அதாவது 33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. மரை இடைவெளி; இன்னொன்று 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை; சின்ன லேத்துகளில் முக்கால் அங்குலம், 16 மரையும் உண்டு. அந்த விளம்பர வரியை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளை இருக்காது. அதை இணைத்து முழுப் பணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அடாப்டர் தருகிறோம் என்றால், உங்கள் ஸ்பிண்டில் அளவை அவர்கள் எழுதித் தந்த பிறகே சம்மதியுங்கள்.

கேள்வி: மெட்டல் லேத்தின் மூன்று தாடைச் சக் மலிவாக வருகிறது. மரத்துக்கு ஆகுமா?

பதில்: வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும் அந்தத் தாடைகள் விரலைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: என் சக்கில் 50 மி.மீ. தாடை. 'பிடிப்பு 75 மி.மீ. வரை' என்று பெட்டியில் இருக்கிறது. 70 மி.மீ. கட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நழுவுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, ஏமாற்று. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் இந்த 'வரை' என்ற எண்ணைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 50 மி.மீ. வட்டத்துக்குக் கடைந்த தாடை, ஏறக்குறைய அதே அளவுள்ள கட்டையைத்தான் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும். அகல விரித்தால் ஒவ்வொரு தாடையும் தன் இரண்டு ஓரங்களால் மட்டுமே தொடும். மொத்தம் எட்டுக் கோடு. அந்த எட்டும் மரத்தை நசுக்கும், உளி சற்றே கடித்தாலும் கட்டை தெறிக்கும். தாடை எவ்வளவு விரியும் என்பது ஒன்று, எந்த அளவில் பத்திரமாகப் பிடிக்கும் என்பது வேறு. வாங்குபவருக்குத் தேவையான இரண்டாவது எண்ணைப் பெட்டியில் போடுவதில்லை. நானும் அப்படிப்பட்ட ஒரு சக்குக்குப் பணம் அழுதேன். தாடையைப் பிணைக்கும் மரையாணிகளின் தலை சில நாளிலேயே மழுங்கியது, விற்ற கடை பதிலே போடவில்லை. உங்கள் கட்டையை லேத்தின் இரு முனைகளுக்கிடையே வைத்து, நுனியில் 50 மி.மீ.-ஐவிடச் சற்றே கூடுதலாக ஒரு டெனான் (சக் பிடிப்பதற்கான குட்டை உருளை முளை) கடைந்து அதைப் பிடியுங்கள். பெரிய கிண்ணத்துக்கு டெனான், கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குப் பெரிய தாடை வாங்குங்கள்.

கேள்வி: டெனான் சக்கின் அடிவரை தொடும்படி நன்றாக உள்ளே தள்ளி இறுக்கினேன். மரத்தில் லேசான விரிசல் இருந்தது. கிண்ணம் பறந்துவிட்டது. சக் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. டெனான் அடியைத் தொடக் கூடாது. அதன் தோள்பட்டைதான் (டெனானைச் சுற்றிக் கட்டையில் இருக்கும் படி) தாடைகளின் முகத்தில் படிந்து உட்கார வேண்டும். இது சக்கோடு வரும் தாளிலேயே இருக்கும், நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. விரிசலைப் பார்த்த பிறகும் லேத்தை ஓட்டியிருக்கிறீர்கள். லேத்தின் மறுமுனையிலிருந்து தாங்கும் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்ததாகவும் கடிதத்தில் இல்லை. முகக் கவசம் வைத்திருக்கிறீர்களா? முதலில் அதை வாங்குங்கள்.

கேள்வி: கட்டையை ஸ்க்ரூ போட்டுப் பிணைக்கும் முகத்தட்டோடு கறுப்பு நிற ஜிப்சம் பலகை ஸ்க்ரூக்கள் கொடுத்தார்கள். பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அவை வளையாது, பக்கவாட்டில் இழுத்தால் பட்டென்று ஒடியும். தடித்த மர ஸ்க்ரூ தனியாக வாங்குங்கள். கட்டையின் வெட்டுமுனையில் ஸ்க்ரூப் பிடிப்பு பலவீனம் என்பதால் நீளமானதாகப் பாருங்கள்.