அப்பாவின் நடைக்கு எந்த ராகம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனால் நடை சிறு சிறு அடியாகச் சுருங்கிவிட்டது. வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். குறிப்பிட்ட ஒரு ராகத்தைத் தினமும் கேட்டால் சரியாகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எந்த ராகம் போடலாம்?

பதில்: இந்த நோய்க்கு இந்த ராகம் என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவருக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள், மனப்பதற்றம் தணியும். பதற்றம் தணிந்தால் கை நடுக்கமும் கொஞ்சம் அடங்கும். ஆனால் நடை விஷயத்தில் இசை உண்மையிலேயே உதவுகிறது. அங்கே வேலை செய்வது ராகம் அல்ல, தாளம்.

நாம் யோசிக்காமல் நடப்பதற்குக் காரணம், மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகள் அடுத்தடுத்த அடிக்கு உள்ளிருந்தே காலம் காட்டிக்கொண்டிருப்பதுதான். பார்க்கின்சனில், அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் அந்தக் கணக்கு தவறுகிறது. சீரான ஓசை காதில் விழும்போது, செவிப்புலப் பகுதியும் சிறுமூளையும் வேறு வழியாகக் கால்களுக்கு அந்தக் காலத்தைக் கொடுத்துவிடுகின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் இசைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மைக்கேல் தாட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் அரை மணி நேரம் வீதம் மூன்று வாரம் தாளத்துக்கு நடந்த பார்க்கின்சன் நோயாளிகளின் நடைவேகம் 25 சதவீதம் கூடியது.

முதலில் அப்பாவின் சொந்த வேகத்தை அளந்துகொள்ளுங்கள். சமதளமான கூடத்தில் இயல்பாக நடக்கவிட்டு, 30 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 52 அடி என்றால் நிமிடத்துக்கு 104. போனில் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் ஓசை தரும்) செயலி ஒன்றை இறக்கி, அந்த எண்ணை வையுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் அடி. குதிகால் முதலில் தரையில் பட வேண்டும்.

வேகத்தை 5 முதல் 10 சதவீதம் கூட்டச் சொல்லும் குறிப்புகளைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். இப்படிக் கால் ஒட்டி உறைந்து நிற்காதவர்களுக்கு அது சரி. உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். உறைந்து நிற்பவர்களுக்குத் தாளத்தை விரட்டினால் அடி இன்னும் குறுகி, முன்னால் சாய்ந்தபடி ஓடத் தொடங்கி, விழுவார்கள். அவருடைய சொந்த எண்ணிலேயே (மேலே சொன்ன கணக்கில் 104) தொடங்குங்கள். அடி குறுகினால் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது 94 வரை இறக்குங்கள். நீளமான அடிதான் நமக்கு வேண்டும், வேகம் அல்ல.

இரண்டு வாரம் பழகியபின் பாட்டுக்கு மாறலாம். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் பாட்டின் வேகம் தெரியும்; அது அப்பாவின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு அல்லது நான்கு எண்ணிக்கையில் ஓடும் பாட்டாக எடுங்கள். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டில் அழுத்தம் ஒரு தடவை வலது காலிலும் மறுதடவை இடது காலிலும் விழும், குழப்பும். ஆலாபனை, விருத்தம் கேட்க இனிமை, ஆனால் தாளக்கட்டு இல்லாததால் நடக்கப் பயன்படாது. கச்சேரிப் பதிவில் மிருதங்கம் கோர்வைக்கு (சிக்கலான தாளக் கணக்குக்கு) போகும் இடத்திலும் கால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும். தட்டு நேராக, தெளிவாக விழும் பாட்டே நல்லது.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு இலகுவாக இருக்கும்போது பயிற்சி செய்யட்டும். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல அரை மணிக்குக் கொண்டுவாருங்கள். தொளதொளச் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் அரை அடி பின்னால் நடந்து வாருங்கள். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பதில் சொல்லும் கவனத்தில் தாளம் தவறிவிடும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். சாலையில் ஹெட்போன் கூடவே கூடாது, ஹார்ன் கேட்காது.

வாசற்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது. நிற்கட்டும். எடையை வலது, இடது என்று மெதுவாக இரண்டு மூன்று முறை மாற்றட்டும். பிறகு அவரே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, ரெண்டில் பெரிய அடியாக எடுத்துவைக்கட்டும். வாசலுக்கு முன்னும் பின்னும் தரையில் குறுக்காக வண்ண டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னாலும் பலருக்குக் கால் எழும்.

பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் பலன் கரைந்துவிடும். மாத்திரையைப் போலவே இதையும் தொடர வேண்டும். மாத்திரைக்கு மாற்றாக இதை நினைத்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், அடிக்கடி விழுதல், உண்ணும்போது புரையேறுதல், நடை திடீரென மோசமாதல், இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.