கனமான அம்பா, விறைப்பான அம்பா?

கேள்வி: 45 பவுண்டு என்று குறிக்கப்பட்ட மரபு வகை ரிகர்வ் வில் (நுனிகள் எய்யும் திசைக்கு வளைந்தது) வைத்திருக்கிறேன்; நான் நாணை இழுப்பது 26 அங்குலம். 300 கிரெயின் அம்புகளை எய்யும்போது வில் சத்தமிட்டுக் கையில் அதிர்கிறது. கடைக்காரர் கனமான அம்பு என்று 400 ஸ்பைன் கார்பன் அம்புகளை டஜனாகத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கனம் கூட்ட வேண்டும் என்பது சரி. அம்பு லேசாக இருந்தால், அது கொண்டுபோகாத விசை வில்லிலேயே தங்கி அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படும். ஆனால் ஸ்பைன் கனத்தின் அளவே அல்ல; தண்டின் விறைப்பைக் காட்டும் எண். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடும்போது, அது 0.4 அங்குலம் தாழ்ந்தால் 400, 0.6 அங்குலம் தாழ்ந்தால் 600. எண் குறையக் குறைய விறைப்பு கூடும்.

வில்லில் எழுதியிருப்பது வழக்கமாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு குறையும் என்பதால், உங்கள் விரல் தாங்குவது ஏறத்தாழ 40 பவுண்டுதான். பவுண்டுக்கு 10 கிரெயின் என்ற கணக்கில் முனையோடு சேர்த்து முழு அம்புக்கும் 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம் போதும் (மூன்று பவுன் தங்கத்தைவிடச் சற்றே கூடுதல்). கூட்ட வேண்டிய கனத்தை முனையில் ஏற்றுங்கள். 500, 600 ஸ்பைனில் இரண்டிரண்டு தண்டுகளும், 125 முதல் 175 கிரெயின் வரையிலான திருகு முனைகள் சிலவும் முதலில் வாங்கினால் போதும். முனை கனத்தால் தண்டு எய்யும்போது கூடுதலாக வளையும். வில்லின் பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டிய அம்புக்கு, அளவோடு இருந்தால், அது நல்லதே.

தண்டுகளை முழு நீளத்திலேயே வைத்துக்கொண்டு, பத்து மீட்டரிலிருந்து இறகு ஒட்டிய அம்பையும் ஒட்டாத அம்பையும் மாற்றி மாற்றிப் பலமுறை எய்யுங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, இறகில்லாதது இடப்பக்கம் ஒதுங்கினால் தண்டு விறைப்பு, முனையைக் கனமாக்குங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் தளர்வு, கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். அவசரப்பட்டு வெட்டிய தண்டை யாராலும் நீட்ட முடியாது. கனமான அம்பு சீக்கிரமே தாழும் என்பதால், தொலைவில் குறியைச் சற்று உயர்த்திப் பழக வேண்டியிருக்கும்.

பொருந்தியது தெரிந்தபின் டஜன் வாங்கலாம். கடையிலேயே ஒவ்வொன்றையும் எடை போட்டு, மற்றவற்றிலிருந்து 10 கிரெயினுக்கு மேல் மாறுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.