கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால்

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். வழக்கமாக நூல் வாங்கும் மில்லிலிருந்து, "ஆடிட் நடப்பதால் இனி இந்தப் புதிய கணக்கில் பணம் போடுங்கள்" என்று மெயில் வந்தது. பில் எண், தொகை எல்லாம் சரியாக இருந்ததால், நேற்று மாலை 4.8 லட்சம் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிட்டோம். அப்படி மெயிலே அனுப்பவில்லை என்கிறது மில். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மீதியைப் பிறகு படிக்கலாம். முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்யுங்கள். யூடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் அடையாள எண்), பணம் போன கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, நேரம் நான்கும் கையில் இருக்கட்டும். இப்படி வாங்கிய பணத்தைக் கும்பல்கள் ஒரே கணக்கில் விட்டுவைப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். புகார் பதிவானால் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சமிருக்கும் தொகையை நிறுத்தி வைப்பார்கள். அது பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வழியாகத்தான் உங்கள் கைக்கு வரும். உங்கள் வங்கிக் கிளையிலும் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

பில் எண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் மெயில் பெட்டிக்குள்ளோ மில்லின் பெட்டிக்குள்ளோ யாரோ புகுந்து, நீங்கள் பேசிக்கொள்வதைப் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். மெயில் வந்த முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் ஒட்டி நிற்கலாம். அவசரத்தில் கண்ணில் படாது. முகவரி சரியாகவே இருந்தால் மில்லின் பெட்டியையே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளைத் திறந்து பாருங்கள். 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயில்களையெல்லாம் வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது போகாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அதை நீக்குங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, புதுப் பாஸ்வேர்டு போட்டு, இரண்டு அடுக்கு சரிபார்ப்பை இயக்குங்கள். மோசடி மெயிலை மட்டும் அழிக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்ற தடயம் ஹெடரில், அதாவது மெயிலோடு மறைவாக வரும் வழித்தடக் குறிப்பில், இருக்கிறது. ஃபார்வர்ட் செய்த நகலில் அது இருக்காது.

உங்கள் அக்கவுண்டன்டைத் திட்டாதீர்கள். 2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் இதே வலையில் விழுந்தன. லித்துவேனியாக்காரர் ஒருவர், தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் கம்பெனி பதிந்து, போலி பில் அனுப்பி, 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019-இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது.

இனி கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும், பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு போன் போட்டு, தெரிந்த குரலிடம் கேட்ட பிறகுதான் பணம். மெயிலில் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து "ஆமாம்" என்பார். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பணம் போவது கணக்கு எண்ணை வைத்துத்தான், நீங்கள் அடிக்கும் பெயரை வைத்து அல்ல. அதனால் அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் நெட் பேங்கிங்கில் அதைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

மில்லோடு சண்டை பிறகு இருக்கட்டும். இதே மெயில் அவர்களிடம் நூல் வாங்கும் மற்ற யூனிட்டுகளுக்கும் போயிருக்கலாம். எல்லோருக்கும் இன்றே போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.