கேளுங்கள் வாத்தியாரை: மூளையில் புது செல் முளைக்குமா?

கேள்வி: மூளை செல் செத்தால் திரும்ப வராது என்று பள்ளியில் படித்தேன். அதெல்லாம் பழைய கதை என்கிறாள் மகள். எது சரி? – ஒரு வாசகி, மன்னார்குடி

அந்தப் பழைய கதையைச் சொன்ன வாத்தியார்களில் நானும் ஒருவன் அம்மா. தோல் உரிந்தால் வளரும், கல்லீரலை வெட்டினாலும் வளரும், நரம்பு செல் போனால் போனதுதான் என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். 1998-லேயே அது ஆட்டம் கண்டுவிட்டது. விஷயம் தெரியாமல் அப்புறமும் சில வருடம் நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

எலியின் மூளையில் புது நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பிறப்பதை 1960-களிலேயே ஜோசப் ஆல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிவிட்டார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. சரி, மனிதருக்கு எப்படிப் பார்ப்பது? உயிரோடு இருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாதே! கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் இருந்த ஃபிரெட் கேஜும், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பீட்டர் எரிக்சனும் ஒரு வழி கண்டார்கள். நான் சொன்ன 1998 ஆய்வு இதுதான்.

செல் இரண்டாகப் பிரியும்போது தன் டிஎன்ஏவை நகல் எடுக்கும். பிஆர்டியு என்ற ரசாயனத்தை உடம்பில் செலுத்தினால், நகல் எடுக்கும் செல் அதையும் சேர்த்துக் கோத்துக்கொள்ளும். கோயில் வாசலில் காலில் ஒட்டிய குங்குமம் மாதிரி, அன்றைக்கு வந்துபோனதற்கு அது அடையாளம். புற்றுக்கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க, ஸ்வீடனில் சில நோயாளிகளுக்கு இதை ஊசியில் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஐந்து பேரின் மூளைத் திசு, அவர்கள் இறந்தபின் ஆய்வுக்குக் கிடைத்தது. 57 முதல் 72 வயது வரையானவர்கள். ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியில், அடையாளம் ஒட்டிய நியூரான்கள் இருந்தன. முதிர்ந்த நியூரான் பிரியாது. ஆகவே அவை அங்கிருந்த ஸ்டெம் செல் (பிரிந்து பிரிந்து வேறு வகைச் செல்களை உண்டாக்கும் செல்) போன்ற தாய்ச்செல்களிலிருந்து, ஊசி போட்ட பிறகு பிறந்தவை. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த உடம்பில்! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2013-இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃபிரிசென் குழு வேறு தினுசாகப் போனது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியிருந்தது; பிறகு வருடா வருடம் குறைந்துவந்தது. அது சாப்பாடு வழியே நம் டிஎன்ஏவுக்கும் வந்தது. அதை அளந்து, செல் எந்த வருடம் பிறந்தது என்று கணக்கிட்டார்கள். ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் தினம் சுமார் 700 நியூரான்கள் என்று விடை வந்தது.

ஆனால் 2018-இல் கலிஃபோர்னியாவின் வேறொரு குழு, பெரியவர்களின் மூளையில் அப்படி எதையும் காணவில்லை என்றது. அதே வருடம் நியூயார்க்கில் ஒரு குழு, எழுபது வயது தாண்டியவர்களிடமும் இருக்கிறது என்றது. இறந்தபின் மூளையை எவ்வளவு சீக்கிரம் பதப்படுத்தினார்கள், எப்படிச் சாயமேற்றினார்கள் என்பதிலேயே சண்டை. நான் உங்கள் மகள் பக்கம்தான். ஆனாலும் அவளிடம் சொல்லுங்கள்: ஹிப்போகாம்பஸில் பிறந்தால் மூளை முழுக்கப் பிறக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: குறுக்கெழுத்துப் போட்டால் புது நியூரான் வருமா? – ஒரு வாசகர், தேனி

கேஜ் குழுவின் எலிகள் குறுக்கெழுத்துப் போடவில்லை; சக்கரத்தில் ஓடின. ஓடியவற்றுக்குப் புது நியூரான்கள் அதிகம். நமக்கும் அப்படியே என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் என்னவோ காலையில் நடக்கிறேன், மாலையில் குறுக்கெழுத்து.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பார் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். போடலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம் தம்பி. மேலே சொன்னது மூளை தானாகச் செய்வது. வெளியிலிருந்து செல்லைச் செலுத்தி, அது சரியான இடத்தில் போய் நியூரானாகி இணைப்பும் போடுவது வேறு கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டுமே ஸ்டெம் செல் ஒப்புக்கொண்ட சிகிச்சை. பக்கவாதத்துக்கு என்றால் அனுமதி பெற்ற ஆராய்ச்சியில்தான் தரலாம். ‘ஆராய்ச்சிதான் சார்’ என்று அவர்கள் சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். பதிவு எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த லட்சத்தில் ஒரு பங்கை வைத்து, வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்டை ஏற்பாடு செய்யுங்கள். எந்தக் காரணம் கொண்டும் அந்தப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.