ஓவனில் டிஸ்ப்ளே எரிகிறது, விசிறி ஓடுகிறது, சூடு மட்டும் ஏறவில்லை. கன்ட்ரோல் போர்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உடனே போர்டு வாங்கிவிடாதீர்கள். கரண்ட் போய் வந்தபின் கடிகாரம் மின்னிக்கொண்டே இருந்தால், பல பில்ட்-இன் ஓவன்கள் நேரம் செட் செய்யும்வரை சூடாகாது.

அது காரணமில்லை என்றால் வீட்டு மின்பெட்டியில் ஓவனுக்கான எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கக் கூடாது. எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) வயர்களை உருவிவிட்டு மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் எலிமென்ட் சுமார் 26 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் எலிமென்ட்தான் போயிருக்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சார் பி.டி.1000 வகை என்றால் அறை வெப்பத்தில் 1100 ஓம் அளவில் இருக்க வேண்டும். பின்புறமுள்ள தெர்மல் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் பாகம்) அறுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

எல்லாம் சரியென்றால்தான் போர்டு மேல் சந்தேகம். ஓவனை இயக்கும்போது போர்டிலுள்ள ரிலே (எலிமென்ட்டுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) 'டிக்' என்று சத்தமிட்டும் சூடு வராவிட்டால் அதன் கான்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது அதன் காலைப் பற்றவைத்த ஈயம் விட்டிருக்கலாம். மறுபடி எம்.சி.பி.யை இறக்கிவிட்டு லென்ஸில் பாருங்கள்: ஈயம் விட்டிருந்தால் ரிலேயின் காலைச் சுற்றி முடியளவு கறுப்பு வளையம் தெரியும். அதிக ஆம்ப் ஓடி, அந்த இடம் சூடாகி ஆறி ஆறி வரும் விரிசல் அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தாலே பெரும்பாலும் போதும். ரிலேயை மாற்றுவதானால் அதன் காயிலின் (உள்ளிருக்கும் சுருள்) வோல்ட், ஆம்ப், கால் அமைப்பு மூன்றும் அச்சாகப் பொருந்த வேண்டும். 'டிக்' சத்தமே இல்லையா? பவர் சப்ளை பகுதியில் தலை உப்பிய கெப்பாசிட்டரைத் தேடுங்கள்.